பழைய கிளாரினெட் மவுத்பீஸ்: பெயருக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

மலையகத்தில் பழைய கிளாரினெட் ஒன்று கைமாறும்போது, அதோடு சேர்ந்து வருகிற மவுத்பீஸை, அதாவது வாயில் வைத்து ஊதுகிற துண்டை, யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. பாடசாலை பேண்ட் அறை அலுமாரியோ, ஒரு காலத்தில் கோயில் திருவிழாக்களில் வாசித்த பெரியவரின் இரும்புப் பெட்டியோ, கண்டியில் பழைய சாமான் விற்கிற கடையோ, எங்கிருந்து வந்தாலும் சரி, வாங்குகிறவர் முதலில் பார்ப்பது மரம் வெடித்திருக்கிறதா, சாவிகள் ஆடுகின்றனவா என்பதைத்தான். மவுத்பீஸைக் கையில் எடுப்பவர்கூட அதன் மேல் என்ன பெயர் பொறித்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வைத்துவிடுவார். ஆனால் நீங்கள் ஊதும்போது வருகிற சத்தத்தின் குணத்தைத் தீர்மானிப்பதில், அந்த நீண்ட மரக்குழாயை விட இந்தச் சின்னத் துண்டுக்கும் அதில் கட்டுகிற மெல்லிய நாணல் தகடான ரீட்டுக்கும்தான் பங்கு அதிகம்.

2022இல் ரூபா விழுந்ததற்குப் பிறகு புதிய மவுத்பீஸ் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது லேசான காரியமில்லை. அதனால் பழையவற்றைத் தேடுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். கிளாரினெட் பழக ஆரம்பித்தவர்கள், பேண்ட் பொறுப்பில் இருக்கிற ஆசிரியர்கள், வீட்டில் கிடக்கிற தாத்தாவின் வாத்தியத்தை என்ன செய்வதென்று யோசிக்கிறவர்கள் ஆகியோரை நினைத்து இதை எழுதுகிறேன்.

அது என்ன வேலை செய்கிறது?

நாதஸ்வரத்துச் சீவாளியில் இரண்டு இதழ்கள் உண்டு. காற்றுப் போகும்போது அவை ஒன்றோடு ஒன்று மோதித் துடிக்கும். கிளாரினெட்டின் ரீட் ஒற்றை. அது போய் மோதுவதற்கு எதிரே அசையாத ஒரு பக்கம் வேண்டும். அந்தப் பக்கம்தான் மவுத்பீஸ். நீங்கள் ஊதுகிற ஸ்வரம் ஒரு விநாடிக்கு 220 அதிர்வு என்றால், ரீட்டும் விநாடிக்கு 220 தடவை மவுத்பீஸின் விளிம்பை நோக்கி மூடித் திறக்கிறது. அந்த விளிம்பின் வடிவத்தில் ஒரு மயிரிழை மாறினாலும் வாசிக்கிறவருக்குத் தெரிந்துவிடுவது இதனால்தான்.

மவுத்பீஸின் தட்டையான பக்கத்தை உங்களைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். ரீட்டின் தடித்த பாகம் படிகிற சமதளத்துக்கு டேபிள் என்று பெயர். அதற்கு மேலே நீளமான ஓட்டை, அது ஜன்னல். ஜன்னலின் இரண்டு பக்கமும் ஓடுகிற மெல்லிய கரைகள் சைட் ரெயில்கள்; உச்சியில் அவை சேர்கிற குறுக்குக் கரை டிப் ரெயில். ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தால், நுனிக்கு நேர் கீழே சரிந்து இறங்குகிற பரப்பு தெரியும், அது பஃபிள். அதற்கு அடுத்த குகை போன்ற இடம் சேம்பர், அதிலிருந்து கீழே போகிற வட்டத் துளை போர். அடியில் கோர்க் சுற்றியிருக்கிற பாகம் டெனன். அது கிளாரினெட்டின் மேல்துண்டான பேரலுக்குள் போய் உட்காரும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். சைட் ரெயில்கள் டேபிளின் மட்டத்திலேயே நுனிவரை நேராகப் போவதில்லை. ஓரிடத்திலிருந்து மெல்லப் பின்னால் வளைகின்றன. அந்த வளைவுக்கு ஃபேசிங் என்று பெயர். வளைவு முடிகிற நுனியில், ரீட்டுக்கும் மவுத்பீஸுக்கும் நடுவே விழுகிற இடைவெளிதான் டிப் ஓப்பனிங். சாதாரண பி ஃபிளாட் கிளாரினெட்டில் இது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். எல்லாச் சண்டையும் அந்த ஒரு மில்லிமீட்டருக்கு உள்ளேதான்! மாணவர்கள் அதிகம் பாவிக்கிற யமஹா 4சி 1.05 மில்லிமீட்டர். வேன்டோரன் 5ஆர்வி 1.065. அதே கம்பனியின் எம்30 1.15, பி45 1.195. 5ஆர்விக்கும் பி45க்கும் வித்தியாசம் 0.13 மில்லிமீட்டர், அதாவது சாதாரணப் பிரிண்டர் கடதாசி ஒன்றின் தடிப்பை விடக் கொஞ்சம் கூட. ஆனால் வாயில் வைத்தால் இரண்டும் வேறு வேறு வாத்தியம்.

இடைவெளி சிறிதாக இருந்தால் கொஞ்சம் கடினமான ரீட் வேண்டும். சத்தம் கட்டுப்பாடாக வரும். பெரிதாக இருந்தால் மெல்லிய ரீட் போதும்; ஸ்வரத்தை உதட்டால் வளைக்க இடம் கிடைக்கும், ஆனால் சுருதி நழுவுவதும் சுலபம். கர்நாடக இசை வாசிக்க நினைப்பவர்களுக்கு இது சும்மா தகவல் இல்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே சதிர்க் கச்சேரிகளுக்குள் வந்துவிட்ட வாத்தியம் இது; ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்த்தி 2008இல் சங்கீத கலாநிதி விருது வரைக்கும் கொண்டு போனார். கமகம் பிடிக்க வேண்டியவருக்கு மிகவும் இறுக்கமான டிப் ஒத்துவராது என்பது என் அபிப்பிராயம். மேற்கத்திய பேண்டில் வரிசையாக உட்கார்ந்து ஊதுகிற பிள்ளைக்கு அதே இறுக்கம் பாதுகாப்பு.

இது கிளாரினெட்டுடையதுதானா?

சிரிக்க வேண்டாம், பெட்டிகளில் கலந்து கிடக்கும். அடியில் கோர்க் சுற்றிய டெனன் இருக்கிறதா என்று பாருங்கள். சாக்ஸபோனில் கோர்க் வாத்தியத்தின் கழுத்தில் இருக்கும், மவுத்பீஸ் அதன்மேல் செருகப்படும். ஆகவே அதற்கு டெனன் கிடையாது. டெனன் இருந்து, அளவும் சுமார் 9 சென்டிமீட்டர் நீளம் என்றால் அது பி ஃபிளாட் அல்லது ஏ கிளாரினெட்டுக்கானது. இரண்டுக்கும் ஒரே மவுத்பீஸ்தான். தெளிவாகச் சிறியதென்றால் ஈ ஃபிளாட் கிளாரினெட், தெளிவாகப் பெரியதென்றால் பேஸ் கிளாரினெட். வெளிப்பக்கத்தில் குறுக்காகப் பல வரிப்பள்ளங்கள் வெட்டியிருந்தால் அது ஜெர்மன் முறை: ரீட்டை நூலால் சுற்றிக் கட்டுவதற்கான பள்ளம். ஜெர்மன் ரீட்டும் ஒடுங்கியது. நம் பக்கம் கிடைக்கிற சாதாரண ரீட் அதில் சரியாகப் படியாது.

கறுப்பா, பச்சையா, கண்ணாடியா?

பழைய நல்ல மவுத்பீஸ்களில் பெரும்பாலானவை எபனைட். இயற்கை இறப்பரில் கந்தகத்தை மிக அதிகமாகச் சேர்த்து நீண்ட நேரம் சூடாக்கினால் அது மரம் போல இறுகிவிடும். கடைந்து வேலை செய்யலாம். 1851இல் அமெரிக்காவில் நெல்சன் குட்இயர் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் மவுத்பீஸ்கள் பெரும்பாலும் மரத்தில்தான் செய்யப்பட்டன. எச்சில் ஊறி ஊறி மரம் கோணிக்கொள்ளும். எபனைட் அந்தத் தொல்லையைத் தீர்த்தது. பிரேசிலிலிருந்து எடுத்த இறப்பர் விதையில் முளைத்த கன்றுகள் 1876இல் இங்கே ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்து, பிறகு கேகாலை, இரத்தினபுரி மலைச்சரிவெல்லாம் இறப்பர் மரமான கதை எல்லோருக்கும் தெரியும். உங்கள் கையில் இருக்கிற மவுத்பீஸ் எந்த நாட்டுப் பாலில் செய்ததென்று அது சொல்லாதுதான், இருந்தாலும் அந்நியப் பொருள் என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

எபனைட்டை அறிய ஒரு வழி: துணியால் அழுத்தித் தேய்த்து உடனே முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை வந்தால் எபனைட். பாடசாலை ஆய்வுகூடத்தில் கம்பளியில் தேய்த்துக் கடதாசித் துண்டுகளை ஈர்க்க வைத்தோமே, அந்தக் கோலும் இதே பொருள்தான். ஆனால் பிளாஸ்டிக்கும் அப்படி ஈர்க்கும் என்பதால் அந்தச் சோதனை இங்கே உதவாது. பிளாஸ்டிக் மவுத்பீஸில் வார்ப்பு அச்சின் மெல்லிய கோடு பக்கவாட்டில் தெரியும், எத்தனை வருடம் போனாலும் நிறம் அதிகம் மாறாது.

எபனைட் நிறம் மாறும். வெளிச்சமும் காற்றும் பட்டுப் பட்டு மேற்பரப்பு பச்சை கலந்த பழுப்பாகும், கந்தகம் வெளியே வரும், வாயில் வைத்தால் புளிக்கும். இதைப் பார்த்துப் பயந்து நல்ல மவுத்பீஸை வீசியவர்களும் உண்டு, வயதுக்கு அத்தாட்சி என்று கூடுதல் விலை கேட்டவர்களும் உண்டு. நிறத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை, இரண்டுமே தப்பு. புளிப்புக்கு ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்துக் கழுவினால் போதும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் பூஞ்சணம். மூடுபனிக் காலத்தில் பெட்டியின் வெல்வெட் எப்போதும் ஈரம் பிடித்திருக்கும். பழைய மவுத்பீஸின் உட்பக்கம் வெள்ளை பூத்திருப்பது சாதாரணம். அதை வாயில் வைக்குமுன் கழுவத்தான் வேண்டும். கைபொறுக்கிற வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத் திரவம் ஒரு சொட்டு, மெல்லிய துணி. அவ்வளவுதான். கொதிநீரில் போட்டால் எபனைட் ஒரே நாளில் பச்சையாகிவிடும், வளைவும் கோணலாம். உள்ளே கல் போல் படிந்த வெள்ளைப் படலத்தை, பஞ்சில் தொட்ட வினாகிரியால் மெதுவாக இளக்கலாம். எல்லாவற்றையும் விடப் பெரிய தப்பு வெயிலில் காயவைப்பது. பத்து நாள் மழைக்குப் பிறகு வெயில் எட்டிப் பார்த்ததும் பாய், கம்பளி, அரிசி எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்புகிற பழக்கம் நமக்கு. எபனைட்டைப் பச்சையாக்குவதே அந்த வெயில்தான். நிழலில் உலரட்டும்.

கண்ணாடி மவுத்பீஸும் எப்போதாவது வரும். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் செய்தவை. அவை கோணாது, தேயாது. ஆனால் நுனியில் ஒரு சில்லுப் போனாலும் கதை முடிந்தது.

பொறித்த பெயர்

இனிப் பெயருக்கு வருவோம். பழைய காலத்தில் மவுத்பீஸின் அடிப்படை வார்ப்பை ஒருவர் செய்வார், வளைவை வெட்டி முடிப்பவர் இன்னொருவர், விற்கிற வாத்தியக் கடை மூன்றாவது ஆள். பொறித்திருப்பது பெரும்பாலும் மூன்றாவது ஆளின் பெயர். சிக்காகோவில் வேலை செய்த காஸ்பர் இன்றைக்கும் பெயர் பெற்றவர். அவர் பாவித்தவற்றில் பிரான்ஸின் ஷெட்வில் வார்ப்புகள் உண்டு. அந்த ஷெட்வில் என்ற பெயரிலேயே இப்போது புதிதாகவும் மவுத்பீஸ் செய்து விற்கிறார்கள். ஆகவே பெயர் மட்டும் வயதைச் சொல்லாது. பிரபலமான பெயர் இருந்தும் வளைவை யாரோ அரத்தாலோ மண்கடதாசியாலோ நாசமாக்கியிருக்கலாம். பெயரே இல்லாத ஒன்று அருமையாக வாசிக்கலாம். கவ்வாத்துக் கத்தி வாங்குகிறவர் பிடியில் குத்தியிருக்கிற முத்திரையைப் பார்த்து வாங்குவதில்லை, விளிம்பைத்தான் விரலால் பார்ப்பார். இங்கேயும் அந்தப் பார்வைதான் வேண்டும்.

பெயரை அடியோடு விடவும் சொல்லவில்லை. அது ஒரு விஷயத்தில் நிச்சயம் உதவும்: எந்த ஊர்க் கிளாரினெட்டுக்குச் செய்தது என்று காட்டும். நம் நாட்டில் இது மற்ற நாடுகளை விட முக்கியம்.

1948 வரை இங்கே வந்த வாத்தியங்களில் பெரும்பங்கு லண்டன் வழியாக வந்தவை. பூசி, ஹாக்ஸ் என்ற இரண்டு லண்டன் கம்பனிகள் 1930இல் ஒன்றாகி பூசி அன்ட் ஹாக்ஸ் ஆனது. எட்ஜ்வேர், ரீஜன்ட், எம்பரர் என்று பழைய பெட்டிகளில் பார்க்கிற மாதிரிகள் அவர்களுடையவை. அவர்களுடைய உயர்தரக் கிளாரினெட்டான 1010இன் துளை வழக்கத்தை விட அகலம், ஏறக்குறைய 15.2 மில்லிமீட்டர். அதற்கான மவுத்பீஸின் போரும் அதே அகலத்தில், நேர்க்குழாய் போல இருக்கும். பிரெஞ்சு முறை மவுத்பீஸின் போரோ அடியில் 15 மில்லிமீட்டர் வாக்கில் தொடங்கி மேலே போகப்போக ஒடுங்கும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், டெனன்கூடச் சில வேளை உள்ளே போய்விடும். ஆனால் 1010இல் பிரெஞ்சு மவுத்பீஸை மாட்டினால் கீழ் ஸ்தாயி ஒரு சுருதி, மேல் ஸ்தாயி இன்னொரு சுருதி. வாசிக்கிற பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. உயர்தரம் படிக்கிற யாரிடமாவது வேணியர் இடுக்கி இருக்கும், ஒரு தடவை வாங்கிப் போரின் அடிவிட்டத்தை அளந்து பாருங்கள். மேலே ஒடுங்குகிறதா என்பதை ஒரு நேரான குச்சியைச் சுருட்டிய கடதாசியோடு உள்ளே விட்டே உணரலாம்.

இன்னொரு பிரித்தானியப் பழைய கணக்கும் இருக்கிறது. அங்கே இராணுவ பேண்டுகள் 1920களின் இறுதி வரை மத்திய ‘ஏ’ ஸ்வரத்தை 452 அதிர்வுக்கு வைத்திருந்தன. இன்று நாம் பாவிக்கிற 440 சர்வதேச அளவில் ஒப்புக்கொள்ளப்பட்டது 1939இல். இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட அரை ஸ்வரத்தில் பாதி வித்தியாசம். அந்தக் காலத்துக் கிளாரினெட்டின் உடம்பில் ஆங்கிலத்தில் எச் பி என்று இரண்டு எழுத்துக் குத்தியிருந்தால் அது உயர் சுருதி வாத்தியம். எல் பி என்றால் தாழ்ந்தது. உயர் சுருதி வாத்தியத்தை எந்த மவுத்பீஸாலும் ஆர்மோனியப் பெட்டியோடு சேர்த்துவிட முடியாது. அதோடு வந்த மவுத்பீஸை வேறொரு கிளாரினெட்டில் மாட்டிப் பார்க்கலாம், ஆனால் சுருதியைச் சோதிக்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

கண்ணாடித் துண்டும் கராஜ் கருவியும்

இப்போது உண்மையான ஆராய்ச்சி. வேண்டியது நல்ல வெளிச்சம், ஒரு பூதக்கண்ணாடி, கண்ணாடிக் கடையில் மிஞ்சிய 5 மில்லிமீட்டர் கண்ணாடித் துண்டு ஒன்று (ஓரத்தைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள்), அப்புறம் மோட்டார் கராஜில் பிளக் இடைவெளி பார்க்கிற ஃபீலர் கேஜ். பாஸிடம் கேட்டால் ஒரு மணித்தியாலத்துக்குத் தருவார். எண்ணெய் துடைத்துவிட்டுப் பாவியுங்கள்.

முதலில் வெறுங்கண். நுனியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து டிப் ரெயிலைப் பாருங்கள். ஒரே அகலமாக ஓட வேண்டும். சில்லுப் போயிருந்தால் அங்கே ரீட் மூடாது. கீச்சுச் சத்தம் அங்கேயிருந்துதான் வரும். பெட்டிக்குள் மூடியில்லாமல் உருண்டு கிடந்த மவுத்பீஸ்களில் அடிபடுகிற முதல் இடம் இதுதான். பிறகு இரண்டு சைட் ரெயில்களும் ஒரே அகலமா என்று நேர் எதிரே வைத்துப் பாருங்கள். ஒன்று மெலிந்து மற்றது தடித்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள், அல்லது வருடக்கணக்காகத் துணியை உள்ளே விட்டு இழுத்து இழுத்து ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. வாத்தியத்தைத் துடைக்கிற அதே இழுதுணியை மவுத்பீஸுக்குள்ளும் இழுப்பது அவ்வளவு நல்ல பழக்கமில்லை. மெல்லிய எபனைட் கரைகளை அது மெதுவாகத் தின்றுவிடும்.

மேல்பக்கத்துப் பல்தடத்தைப் பார்த்து விலை குறைக்கச் சொல்லலாம், ஆனால் அதற்காக வாங்காமல் விட வேண்டாம். வாசிப்புக்கு அது குறையில்லை. மேலே ஒட்டுகிற மெல்லிய இறப்பர்த் துண்டு ஒன்று போதும். கோர்க் உதிர்ந்திருப்பதும் அப்படித்தான். கோர்க் மாற்றலாம், அதுவரைக்கும் நூல் சுற்றிச் சமாளிக்கலாம், கோர்க் வருமுன் உலகம் முழுக்க டெனனில் நூல்தான் சுற்றினார்கள். ஆனால் டெனனிலேயே வெடிப்பு இருந்தால் கவனம், பேரலுக்குள் தள்ளுகிற ஒவ்வொரு தடவையும் அது நீளும்.

அடுத்தது டேபிள். மவுத்பீஸைக் கண்ணாடி மேல் தட்டைப் பக்கம் படுகிற மாதிரி வைத்து, கண் மட்டத்துக்கு உயர்த்தி, பின்னாலிருந்து வெளிச்சம் வரவிட்டுப் பாருங்கள். நடுவில் கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரிகிற கீற்று இருந்தால் பதற வேண்டாம். பழைய பிரெஞ்சு மவுத்பீஸ்களில் டேபிளை மிக இலேசாகக் குழிவாகவே வைப்பார்கள். நடு மேடாகி மவுத்பீஸ் கண்ணாடியில் தள்ளாடினால்தான் பிரச்சினை. ரீட் அதில் உட்காராது. மேலும் டேபிளின் பளபளப்பைக் கவனியுங்கள். ஒரே திசையில் ஓடுகிற மெல்லிய கீறல்கள், மற்ற இடத்தை விட மங்கலான தளம் என்றால் வளைவை மறுபடி வெட்டியிருக்கிறார்கள். வெட்டியது கைதேர்ந்தவரா, வீட்டிலிருந்த மண்கடதாசியா என்பது அடுத்த சோதனையில் தெரிந்துவிடும்.

மவுத்பீஸைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கேஜின் மிக மெல்லிய தகட்டை, 0.04 அல்லது 0.05 மில்லிமீட்டர், நுனிப் பக்கத்திலிருந்து கண்ணாடிக்கும் ரெயில்களுக்கும் நடுவே மெல்லச் செருகுங்கள். தள்ள வேண்டாம், தன் பாரத்தில் போகிற மாதிரிப் போகட்டும். எங்கே நிற்கிறதோ அங்கே வளைவு தொடங்குகிறது. நுனியிலிருந்து அந்த இடம்வரை அளந்தால் ஃபேசிங்கின் நீளம். 16இலிருந்து 20 மில்லிமீட்டருக்குள் வருவது சாதாரணம். தொழிலாளிகள் இதற்கு அரை மில்லிமீட்டர்க் கோடு போட்ட கண்ணாடியே வைத்திருப்பார்கள். மவுத்பீஸ் பற்றிய பேச்சில் ‘34’ என்று யாராவது சொன்னால் அது 17 மில்லிமீட்டர். ஆனால் உங்களுக்கு நீளத்தை விட முக்கியம், தகடு இரண்டு ரெயிலிலும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்பது. அரை மில்லிமீட்டர் முன்பின் இருந்தால் விட்டுவிடலாம். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சரிந்து நின்றால் ரீட் ஒரு பக்கம் முதலில் மூடும், மற்றப் பக்கம் காற்று ஒழுகும். பிறகு 0.25, 0.60, 0.85 என்று தடித்த தகடுகளை விட்டு அதே ஒப்பீட்டைச் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் சமமாக நின்றால், அந்த மவுத்பீஸில் என்ன பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதை வெட்டிய கை நல்ல கை.

கடைசியாக டிப் ஓப்பனிங். தகடுகளைச் சேர்த்து அடுக்கி, நுனிக்கும் கண்ணாடிக்கும் நடுவே இறுக்கமில்லாமல் எந்தத் தடிப்பு உட்காருகிறதென்று பாருங்கள். உருக்குத் தகடு எபனைட்டைக் கீறும், ஆகவே உரச வேண்டாம். 1.00இலிருந்து 1.20 வரை வந்தால் ஆரம்பக்காரர் ஊதக்கூடியது. 0.90க்குக் கீழே போனால் பழைய இறுக்கமான பாணி, 1.30க்கு மேலே என்றால் ஜாஸுக்கென்றே செய்தது அல்லது யாரோ திறந்தது.

ஊதிப் பார்ப்பது

கடைக்காரரிடம், “முதலாளி, ஒருக்கா ஊதிப் பார்க்கவா?” என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். உங்களுக்குப் பழகிய, நன்றாக வேலை செய்கிற ரீட்டோடும் உங்கள் கிளாரினெட்டோடும் போங்கள். ரீட்டும் வாத்தியமும் மவுத்பீஸும் மூன்றும் புதிதென்றால் எது குற்றவாளி என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஊதுமுன் ஒரு உறிஞ்சுச் சோதனை. ரீட்டை நனைத்துக் கட்டி, மவுத்பீஸின் அடித்துளையை உள்ளங்கையால் அடைத்து, நுனியிலிருந்து காற்றை உறிஞ்சிவிட்டு வாயை எடுங்கள். ரீட் ஒட்டிக்கொண்டு ஒன்றிரண்டு விநாடி நின்று ‘டப்’ என்று திறந்தால் நல்ல பொருத்தம். உடனே திறந்தால் இன்னும் இரண்டு ரீட்டில் பாருங்கள். எல்லாவற்றிலும் அப்படியே என்றால் ரெயில்தான் ஒழுகுகிறது.

பிறகு கீழ் ‘ஈ’யை மிக மெதுவாக, ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்கி நீளமாக. நாக்கால் தட்டித் தட்டி அதே ஸ்வரம். கீழ் ஸ்தாயியின் உச்சியில் இருக்கிற கழுத்து ஸ்வரங்களிலிருந்து மேல் ஸ்தாயிக்குத் தாண்டுகிற இடம். மேலே ‘சி’ அளவில் மெல்லிய சத்தம். நல்ல மவுத்பீஸ் மெதுவாக ஊதும்போதுதான் தன்னைக் காட்டும். பலமாக ஊதினால் எதுவும் சத்தம் போடும். முடிந்தால் உங்கள் பழைய மவுத்பீஸையும் புதியதையும் மாற்றி மாற்றி ஊத, கூட வந்தவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று எது பிடித்தது என்று சொல்லட்டும். பெயரின் மயக்கம் அங்கே வேலை செய்யாது.

சுருதி பார்க்கும்போது மட்டும் மலைநாட்டுக் குளிரை மறக்கக் கூடாது. காற்றின் வெப்பம் ஒரு பாகை குறைந்தால் ஒலியின் வேகம் விநாடிக்கு சுமார் 0.6 மீட்டர் குறையும். குழாய் வாத்தியம் அதற்கேற்ப இறங்கும். பதுளையில் மத்தியானம் சரியாக நின்ற கிளாரினெட், 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் தை மாதக் காலையில் நன்றாகவே இறங்கி நிற்கும். உயரம் அதற்குக் காரணமில்லை, குளிர்தான். மவுத்பீஸையும் பேரலையும் கைக்குள் வைத்துச் சூடாக்கி, பத்து நிமிடம் ஊதிய பிறகுதான் கைபேசியில் சுருதி பார்க்க வேண்டும். குளிர்ந்த வாத்தியத்தை வைத்து, “இது 440க்கு வராது” என்று நல்ல மவுத்பீஸைத் தள்ளிவிடுவது சுலபம். சூடேறிய பிறகும் கீழ் ஸ்தாயி சரி, மேல் ஸ்தாயி மட்டும் விலகுகிறது என்றால் அது குளிரின் வேலையல்ல. மேலே சொன்ன போர்ப் பொருத்தக் கோளாறு.

எவ்வளவு கொடுக்கலாம்?

ஒரு ரூபாக் கணக்கு என்னால் சொல்ல முடியாது. சந்தை வாரத்துக்கு வாரம் மாறுகிறது. அளவுகோல் ஒன்று சொல்கிறேன்: புதிய, சாதாரண மாணவர் மவுத்பீஸ் ஒன்றின் இன்றைய விலையை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பழையது அதை விட நன்றாக வாசிக்காவிட்டால், அதை விடக் கூடக் கொடுக்க உங்களுக்குக் காரணமில்லை. சேகரிப்பவர்கள் வேறு கணக்கில் கொடுப்பார்கள், அது அவர்கள் பாடு.

வளைவு கோணல், ஆனால் எபனைட்டும் நுனியும் பழுதில்லை என்றால், மறுபடி வெட்டித் திருத்தத்தக்கது. அந்த வேலை தெரிந்தவர் கிடைப்பது கடினம், அனுப்பியெடுக்கிற செலவும் உண்டு. அதைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும். கண்ணாடி மேல் மண்கடதாசி ஒட்டி நீங்களே தேய்த்துப் பார்க்கிற யோசனை வந்தால், பெறுமதியே இல்லாத ஒரு பிளாஸ்டிக் மவுத்பீஸில் முதலில் செய்து பாருங்கள். 0.05 மில்லிமீட்டர் போய்விட்டால் திரும்பி வராது. நுனி உடைந்தது, டேபிள் மேடானது, டெனன் வெடித்தது, இவை பாவனைக்கு வாங்கத் தேவையில்லாதவை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். பழைய ஆங்கிலக் கிளாரினெட்டோடு அதன் சொந்த மவுத்பீஸ் இருந்தால், இரண்டையும் பிரித்து விற்காதீர்கள், பிரித்து வாங்கவும் வேண்டாம். 1010க்குப் பொருந்துகிற அகலப் போர் மவுத்பீஸ் தனியாகக் கிடைப்பது அரிது. அது போய்விட்டால் அந்த அருமையான கிளாரினெட்டை ஊத ஆளிருந்தும் ஊத முடியாது. மவுத்பீஸ் வாங்குகிறவருக்கோ தன் பிரெஞ்சுக் கிளாரினெட்டில் அது உதவாது.

வாங்கி வந்ததும் மூடி ஒன்றையும் ரீட் பிடிக்கிற லிகேச்சர் ஒன்றையும் தேடிக்கொள்ளுங்கள். ஊதி முடித்ததும் ரீட்டைக் கழற்றி, இரண்டையும் துடைத்து, மவுத்பீஸை வெல்வெட்டுக்குள் ஈரத்தோடு அடைக்காமல் அலுமாரியில் நிழலான தட்டில் கொஞ்ச நேரம் வையுங்கள். மழைமாதங்களில் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சுகிற சிலிக்காப் பொட்டலம் ஒன்று போட்டு, அது பாரமாகிவிட்டால் மாற்றுங்கள்.